மரத்துக்கு மொட்டை அடிக்கலாமா? கிளை வெட்டும் தொழிலுக்குள்ள ஒரு எட்டு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

வடகிழக்குப் பருவமழை நெருங்குதுன்னா சென்னையில ஒரு சத்தம் ஆரம்பிக்கும். தெருவுக்குத் தெரு மெஷின் ரம்பம் ஓடும். ஒருத்தர் மேல ஏறியிருப்பார், ஒருத்தர் கீழ கயிறு பிடிச்சிருப்பார், இன்னொருத்தர் வண்டி, பைக்கையெல்லாம் நகர்த்தச் சொல்லிக் கத்திக்கிட்டிருப்பார். அரை நாள்ல வேலை முடியும். நாமளும் பால்கனியில நின்னு ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, மீட்டிங் இருக்குன்னு உள்ள போயிடுவோம்.

அந்த அரை நாள்ல என்னதான் நடக்குதுங்கறதுதான் இன்னைக்கு எபிசோட். இங்கிலாந்துல, அமெரிக்காவுல இதுக்கு 'ட்ரீ சர்ஜரி'னு பேரு, அதாவது மர அறுவை சிகிச்சை. நம்ம ஊர்ல 'மரம் வெட்டுறவங்க'ன்னு சொல்லி முடிச்சுடுவோம். பேர் எதுவா இருந்தாலும், இந்த வேலைக்குள்ள கொஞ்சம் உயிரியல் இருக்கு, நிறைய இயற்பியல் இருக்கு, ஒரு மனுஷனோட உயிரும் இருக்கு. மூணையும் ஒண்ணொண்ணா பார்ப்போம். கடைசியில, உங்க வீட்டுக்கோ அபார்ட்மெண்டுக்கோ ஆள் கூப்பிடும்போது என்னென்ன கேக்கணும்னு ஒரு பட்டியல் தர்றேன்.

'சர்ஜரி'ங்கற பேர் எப்படி வந்தது?

ஜான் டேவின்னு ஒருத்தர். இங்கிலாந்துல பிறந்து, அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல குடியேறின தோட்டக்காரர். 1901ல 'தி ட்ரீ டாக்டர்'னு ஒரு புத்தகம் போட்டார். மரத்துக்கும் நோய் வரும், காயம் வரும், அதையும் முறையா பார்க்கணும்னு சொன்ன ஆள். அமெரிக்காவுல இது ஒரு தனித் தொழிலா வளர்ந்ததுக்கு அவர் ஒரு பெரிய காரணம்.

அந்தக் காலத்துல ரொம்ப பிரபலமா இருந்த வைத்தியம் என்ன தெரியுமா? மரத்துல பொந்து இருந்தா, உள்ள அழுகினதையெல்லாம் சுரண்டி எடுத்துட்டு சிமெண்ட் வச்சு அடைக்கிறது. பல் டாக்டர் சொத்தைப் பல்லை அடைக்கிற மாதிரி. பார்க்க ரொம்ப நியாயமா தெரியும். ஆனா பின்னாடி இதைக் கைவிட்டுட்டாங்க. ரெண்டு காரணம்.

முதல் காரணம் இயற்பியல். மரம் காத்துல ஆடும், சிமெண்ட் ஆடாது. ரெண்டும் உரசும், சிமெண்ட் விரியும், அந்த இடுக்குல தண்ணி நிக்கும். அதை விட முக்கியம், பொந்து இருக்கறதாலயே மரம் பலம் இழந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஒரு உருளையோட வளையாத தன்மை அதோட விட்டத்தின் நாலாவது அடுக்கைப் பொறுத்தது. நடுவுல 70 சதவீத விட்டத்துக்கு ஓட்டை போட்டா, 0.7ஐ நாலு தடவை பெருக்குங்க, 0.24 வரும். அதாவது 24 சதவீத பலம்தான் குறையும், 76 சதவீதம் அப்படியே இருக்கும். சைக்கிள் ஃப்ரேம் ஏன் குழாயா இருக்கோ அதே கணக்குதான். கிளாஸ் மாத்தெக்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி இதை வச்சு ஒரு கை விதி சொன்னார்: நல்ல மரச் சுவரோட தடிமன் ஆரத்துல ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழ போனா கவலைப்படுங்க. ஒரு பக்கம் பெருசா திறந்த பொந்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனா 'உள்ள பொந்து, அதனால வெட்டிடு'ங்கற அவசரத்துக்கு இது நல்ல பதில்.

ரெண்டாவது காரணம் உயிரியல். அதுக்கு இன்னொரு ஆளைப் பத்திச் சொல்லணும்.

மரத்துக்குக் காயம் ஆறாது

அலெக்ஸ் ஷைகோ. அமெரிக்க வனத்துறையில வேலை பார்த்த மர நோயியல் ஆராய்ச்சியாளர். இவர் பண்ணதோட அழகே எளிமைதான். மெஷின் ரம்பத்தை எடுத்து, மரங்களை நெடுக்குவாட்டுல பிளந்து பார்த்தார். ஒண்ணு ரெண்டு இல்ல, ஆயிரக்கணக்குல. கிளை வெட்டின இடத்துக்குப் பின்னாடி, உள்ள என்ன நடந்திருக்குன்னு படிச்சார். 1977ல அவர் வெளியிட்ட விளக்கத்தோட சுருக்கப் பேரு 'கோடிட்'.

அதோட சாரம் இதுதான். நமக்கு வெட்டுக்காயம் பட்டா, செத்த செல் போய் அதே இடத்துல புது செல் வரும், ஆறும். மரத்தால அது முடியாது. ஒரு தடவை பட்ட காயம், அந்த மரம் இருக்கிற வரைக்கும் உள்ளயே இருக்கும். அப்போ மரம் என்ன பண்ணுது? காயத்தைச் சுத்தி சுவர் கட்டுது. அழுகலை ஒரு அறைக்குள்ள பூட்டிட்டு, அதுக்கு வெளியில புது மரமா வளர்ந்துடுது.

நம்ம பாஷையில சொன்னா, மரம் பக்-ஐ ஃபிக்ஸ் பண்றதில்ல, ஐசோலேட் பண்ணுது.

நாலு சுவர்னு சொல்லுவாங்க. மேலயும் கீழயும் நீர்க்குழாய்களை அடைக்கிறது முதல் சுவர், இது ரொம்ப பலவீனம். அதனாலதான் அழுகல் நெடுக்க வேகமா பரவும். உள்நோக்கிப் போறதைத் தடுக்கிறது வளர்ச்சி வளையங்கள், அது ரெண்டாவது. பக்கவாட்டுல தடுக்கிறது மூணாவது. நாலாவதுதான் கெத்து: காயம் பட்டதுக்கு அப்புறம் மரம் புதுசா உண்டாக்குற தடுப்பு. பழைய மரத்துக்கும் புது மரத்துக்கும் நடுவுல ஒரு எல்லைக்கோடு.

இப்போ சிமெண்ட் கதைக்குத் திரும்புங்க. 'நல்ல மரம் தெரியற வரைக்கும் சுரண்டு'னு சொன்னாங்க இல்லையா? அப்படிச் சுரண்டும்போது மரம் கஷ்டப்பட்டுக் கட்டின சுவரையே உடைக்கிறோம். உள்ள பூட்டியிருந்த அழுகல், நல்ல பக்கத்துக்கு வந்துடும்.

வெட்டின இடத்துல தார், பெயிண்ட், சாணி பூசறதும் இதே கணக்குல வரும். அழுகலைப் பூச்சு தடுக்கறதில்லன்னு ஷைகோவோட வேலை காட்டுச்சு. ஈரத்தை உள்ள பிடிச்சு வைக்கிற ஆபத்தும் இருக்கு. தோட்டப் பயிர்கள்ல ஒரு குறிப்பிட்ட பூஞ்சைக்கு வேளாண் துறை சொல்ற மருந்துப் பசை வேற விஷயம், அதை இதோட குழப்பிக்காதீங்க. தெருவுல நிக்கிற வேப்ப மரத்துக்கு பெயிண்ட் தேவையில்ல, சரியான இடத்துல ஒரு வெட்டுதான் தேவை.

அந்த 'சரியான இடம்' எது?

ஒரு கிளை, தாய்மரத்தோட சேர்ற இடத்தை உத்துப் பாருங்க. அடியில கொஞ்சம் வீங்கி, மோதிரம் போட்ட மாதிரி ஒரு சதைப்பிடிப்பு இருக்கும். அந்த வீக்கம் தாய்மரத்தோட பாகம், கிளையோடது இல்ல. காயத்தை மூடுற வேலையை அதுதான் பண்ணும்.

அதை விட்டுட்டு, அதுக்கு ஒட்டி வெளியில வெட்டணும். ரெண்டு தப்பு நடக்கும். ஒண்ணு, 'நீட்டா இருக்கணும்'னு தாய்மரத்தோட மட்டமா சீவறது. அப்போ அந்த வீக்கமே போச்சு, காயமும் பெருசு. இன்னொண்ணு, ஒரு அடி நீளத்துக்கு முளை விட்டுட்டு வெட்டறது. அந்த முளை செத்துப் போகும், ஆனா மரத்தால அதைத் தாண்டி மூட முடியாது. சட்டை மாட்டுற ஆணி மாதிரி நீட்டிக்கிட்டு, அழுகலுக்கு வாசல் திறந்து வைக்கும்.

சரியா வெட்டியிருந்தா, ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்க்கும்போது வெட்டைச் சுத்தி வட்டமா ஒரு உதடு வளர்ந்து வரும். முட்டை வடிவத்துலயோ, ஒரு பக்கம் மட்டுமோ வந்தா எங்கேயோ வீக்கத்தை வெட்டிட்டாங்கன்னு அர்த்தம். தெருவுல நடக்கும்போதே இதைப் பார்க்கலாம். பார்க்க ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, சொல்லிட்டேன்.

அடுத்தது வெட்டுற வரிசை. பெரிய கிளையை மேலிருந்து ஒரே வெட்டா வெட்டினா, முக்கால்வாசி வரும்போதே எடை தாங்காம கிளை ஒடியும். ஒடியும்போது அடிப்பட்டையைத் தாய்மரம் வரைக்கும் உரிச்சுக்கிட்டுப் போகும். வாழைப்பழத் தோல் உரியற மாதிரி. அதுக்குத்தான் மூணு வெட்டு:

முதல் வெட்டு, தாய்மரத்துல இருந்து ஒரு அடி தள்ளி, கீழ இருந்து மேல, கால்வாசியோ மூணுல ஒரு பங்கோ.

ரெண்டாவது வெட்டு, அதுக்கும் கொஞ்சம் வெளியில, மேல இருந்து கீழ. கிளை விழுந்துடும். பட்டை உரிஞ்சாலும் முதல் வெட்டு வரைக்கும்தான் உரியும்.

மூணாவது வெட்டு, மிச்சம் இருக்கிற குட்டி முளையை அந்த வீக்கத்துக்கு வெளியில நிதானமா எடுக்கிறது. இப்போ எடை இல்ல, அவசரமும் இல்ல.

மொட்டை அடிச்சா என்ன ஆகும்?

நம்ம ஊர்ல ரொம்ப அதிகமா கேக்குற வார்த்தை: 'மேல மொட்டை அடிச்சு விட்டுடுங்கண்ணா, ரெண்டு வருஷத்துக்குப் பிரச்சினை இல்ல.'

முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும்னு ஒரு பழமொழி இருக்கில்ல? முருங்கைக்கு அது சரி. வேகமா வளரும், காய் கைக்கு எட்டணும், கிளை தடிக்கிறதுக்கு முன்னாடியே ஒடிச்சுடுவோம். ஆனா அதே பழமொழியை 40 வருஷ வேம்புக்கோ தூங்குமூஞ்சிக்கோ போட்டா கதை மாறும்.

இலைதான் மரத்தோட சமையலறை. தலையை மொத்தமா எடுத்தா சாப்பாடு நின்னு போச்சு. மரம் சேமிப்புல கை வச்சு, அவசர அவசரமா நூத்துக்கணக்குல குச்சிக் கிளைகளை விடும். அந்தப் பச்சையைப் பார்த்துட்டு 'பார்த்தீங்களா, சூப்பரா துளிர்த்துடுச்சு'ன்னு சந்தோஷப்படுவோம். ஆனா அந்தப் புதுக் கிளைகளோட வேர்ப்பிடி எங்க இருக்குன்னு பாருங்க. சாதாரணக் கிளை தாய்மரத்தோட ஆழத்துல இருந்து, வளையத்துக்கு வளையம் பின்னிக்கிட்டு வளர்ந்தது. மொட்டைக்கு அப்புறம் வந்தது வெளி அடுக்குல ஒட்டிக்கிட்டு நிக்குது. அதுக்குக் கீழயே பெரிய வெட்டு, அங்க அழுகல் ஆரம்பிச்சிருக்கும். அஞ்சாறு வருஷத்துல அந்தக் கிளை தொடை கனத்துக்கு வரும், பிடி மட்டும் பலவீனமாவே இருக்கும். அடுத்த புயலுக்கு விழறது அதுதான்.

ஆபத்தைக் குறைக்கச் செலவு பண்ணி, அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற மாதிரி ஒரு ஆபத்தை ஷெட்யூல் பண்ணி வைக்கிறோம்.

மாற்று என்ன? காஞ்ச கிளை, ஒண்ணோட ஒண்ணு உரசுற கிளை, பட்டை உள்ள மடிஞ்சு இறுகின வி வடிவக் கவட்டை, வீட்டு மேல தொங்குற கிளையோட நுனி, இதையெல்லாம் தேர்ந்தெடுத்து எடுக்கணும். ஒரு நீளக் கிளையைக் குட்டையாக்கணும்னா நடுவுல கண்ட இடத்துல வெட்டாம, ஓரளவு தடிமனான பக்கக் கிளை பிரியற இடத்துல வெட்டணும். அந்தப் பக்கக் கிளை தலைமையை எடுத்துக்கும். ஒரு வருஷத்துல பச்சை இலையில கால் பங்குக்கு மேல எடுக்கக் கூடாதுங்கறது பரவலா சொல்ற வரம்பு. வயசான மரத்துக்கு அதை விடக் குறைவு.

தென்னை இந்தக் கணக்குல வராது

தென்னை, பனை எல்லாம் புல் குடும்பத்துக்கு நெருங்கின சொந்தம். அதுக்குப் பட்டைக்கு அடியில வருஷா வருஷம் தடிக்கிற வளர்ச்சி அடுக்கு கிடையாது. அதனால காயத்தைச் சுத்தி உதடு வளர்ந்து மூடவும் மூடாது. ஏற வசதியா தென்னையில படி வெட்டுவாங்க பாருங்க, அந்தப் படி அந்த மரம் சாகற வரைக்கும் அங்கதான் இருக்கும். புதுக் காயத்தோட வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். அது உள்ள புகுந்தா வெளியில தெரியறப்போ ரொம்ப லேட். வளர்ச்சிக்கு இருக்கிறது உச்சியில ஒரே ஒரு குருத்து. அதை வெட்டினா மரம் முடிஞ்சது. அதனால தென்னையை 'உயரம் குறைக்க' முடியாது. காய், காஞ்ச மட்டை, பன்னாடை எடுக்கலாம், பச்சை மட்டையை அழகுக்காகக் கழிக்கக் கூடாது.

கயிறு ஒரு கால்குலேட்டர்

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஒரு அடி விட்டம், மூணு மீட்டர் நீளம் உள்ள கிளைத்துண்டு. பச்சை மரம் ஏறக்குறைய தண்ணியோட அடர்த்திக்குப் பக்கத்துல இருக்கும். கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 200 கிலோ. கீழ உங்க கார் ஷெட். மேல ஒருத்தர் வெட்டறார், கீழ ஒருத்தர் அதைக் கயிறுல மெதுவா இறக்கறார். ஒத்தை ஆள், 60 கிலோ எடை. எப்படி?

கயிறை அடிமரத்துல சுத்தறார். அவ்வளவுதான். கயிறுக்கும் பட்டைக்கும் உராய்வு எண் 0.25னு வச்சுக்கிட்டா, ஒரு முழுச் சுத்துக்கு பிடிக்க வேண்டிய விசை ஏறக்குறைய 5ல ஒரு பங்காகும். ரெண்டு சுத்துக்கு 23ல ஒரு பங்கு. மூணு சுத்துக்கு 110ல ஒரு பங்கு. அடுக்குக்குறி கணக்கு, காலேஜ்ல பெல்ட் டிரைவ் பாடத்துல படிச்ச அதே ஃபார்முலா. 200 கிலோ, ரெண்டு சுத்துல 9 கிலோவாயிடும். சுத்து கூடினா நின்னுடும், குறைஞ்சா ஓடும். இந்தத் தொழில்ல இருக்கிற அண்ணன்களுக்கு இந்த ஃபார்முலா உள்ளங்கையில இருக்கு.

ஆனா ரெண்டு இடத்துல இந்தக் கணக்கு ஆளைக் கொல்லும். ஒண்ணு, மேல கயிறு மாட்டியிருக்கிற கப்பியோ கவட்டையோ. 200 கிலோ ஒரு பக்கம் தொங்குது, அதைத் தாங்க இன்னொரு பக்கமும் இழுவிசை. ரெண்டும் சேர்ந்து அந்த இடத்துல 400 கிலோ வரைக்கும் விழும். ரெண்டு, கயிறு தளர்வா இருந்து கிளை ஒரு மீட்டர் விழுந்து சட்டுனு நின்னா, விசை எடையை விடப் பல மடங்கு எகிறும். வெட்டுறவர் கட்டியிருக்கிற அதே மரத்துலதான் இந்த அதிர்ச்சியும் இறங்குது. அதனாலதான் கீழ கயிறு பிடிக்கிறவர் சும்மா உதவியாள் இல்ல. மேல இருக்கிறவரோட உயிர் அவர் கையில.

மேல இருக்கிறவர்

10 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா தரைக்கு வர 1.4 செகண்ட். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர்.

அடுத்தது மெஷின். மெஷின் ரம்பத்தோட நுனியில மேல் பாதி எதிலயாவது பட்டா, கத்தி மேல எகிறி வெட்டுறவர் முகத்தைப் பார்த்து வரும். கண் இமைக்கிற நேரம் கூட இல்ல. தரையில ரெண்டு காலையும் ஊனி, ரெண்டு கையால பிடிச்சிருக்கும்போதே ஆபத்து. மரத்து மேல ஒரு கையில கிளை, இன்னொரு கையில மெஷின்னா யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் கரண்ட். 11 ஆயிரம் வோல்ட் கம்பியைத் தொடணும்னு கூட இல்ல, ரொம்ப நெருங்கினாலே தாவும். பச்சைக் கிளையில சாறு ஓடுது, ஈரத்துல அதுவும் கரண்ட் கடத்தும். வெட்டின கிளை சாஞ்சு கம்பியில பட்டா, மேல இருக்கிறவர்தான் கனெக்ஷன்.

இதுக்கு மேல முசுறு எறும்பு, குளவிக்கூடு, தேனடை. கொட்டினா ஓட முடியாத இடத்துல கொட்டும்.

இங்கிலாந்துல இதுக்கு என்ன வச்சிருக்காங்க? மரத்துல ஏறி மெஷின் ஓட்டத் தனியா பயிற்சி, சான்றிதழ். உச்சியில வெட்டும்போது ரெண்டு தனித்தனி பிடிமானம், ஒண்ணு தப்பா அறுந்தாலும் இன்னொண்ணு தாங்கும். 1998ல வந்த விதிப்படி ஏறுற கயிறு, பெல்ட் எல்லாத்தையும் 6 மாசத்துக்கு ஒரு தடவை தகுதியான ஆள் சோதிக்கணும். தரையில மெஷின் பிடிக்கிறவர் போடுற பேண்ட்டுல நீள நீளமா நார் இருக்கும். ரம்பம் பட்டா அந்த நார் உருவி வந்து சங்கிலியில சிக்கி மெஷினையே நிறுத்திடும்.

நம்ம ஊர்ல? லுங்கி, வெறுங்கால், தோள்ல ஒரு கயிறு. அனுபவம் குறைவுன்னு சொல்ல வரல. வெறும் அருவாளும் கயிறும் வச்சுக்கிட்டு இவங்க பண்றதைப் பார்த்தா மிரண்டுடுவோம். ஆனா அனுபவம் ஹெல்மெட் ஆகாது. விழுந்தா யார் பார்க்கறதுங்கற கேள்விக்குப் பதில் இல்ல. தென்னை ஏறுறவங்களுக்கு மட்டும் ஒரு முன்மாதிரி இருக்கு. தென்னை வளர்ச்சி வாரியம் 2011ல இருந்து ஏறும் கருவியோட பயிற்சி கொடுக்குது, 'கேர சுரக்ஷா'ன்னு விபத்துக் காப்பீடும் வச்சிருக்கு. தெரு மரம் வெட்டுற அண்ணன்களுக்கு அந்த அளவுக்கு எதுவும் கண்ணுல படல.

எங்க அபார்ட்மெண்ட்ல போன வருஷம் பார்க்கிங் ஓரத்து வேம்புக்கு ரெண்டு பேர் ரேட் சொன்னாங்க. ஒருத்தர் போன்லயே சொல்லிட்டார், மொட்டைக்கு இவ்வளவுன்னு. இன்னொருத்தர் நேர்ல வந்து மரத்தை ரெண்டு சுத்து சுத்தி, தட்டிப் பார்த்து, 'கரண்டை ஆஃப் பண்ணித் தருவாங்களா, விறகு உங்களுக்கா எங்களுக்கா'ன்னு கேட்டார். ஏறக்குறைய ரெண்டு மடங்கு ரேட். அசோசியேஷன் குரூப்ல ஒரு ராத்திரி முழுக்க சண்டை. கடைசியில ஒரு அக்கா ஒரே கேள்வி கேட்டாங்க: 'முதல் ஆளோட ரேட்ல பெல்ட்டும் நாலாவது ஆளும் இருக்கா?' இல்ல. ரெண்டாவது ஆளைக் கூப்பிட்டோம். குறைஞ்ச ரேட்ல இருந்து கழிஞ்சு போனது பெரும்பாலும் மரம் ஏறுறவரோட பாதுகாப்புதான், அதை யாரும் பில்லுல எழுத மாட்டாங்க.

மரம் கீழயும் இருக்கு

2016 டிசம்பர் 12, வர்தா புயல். சென்னையில ஆயிரக்கணக்குல மரம் சாஞ்சது. குல்மோகர், இயல்வாகை மாதிரி வெளியில இருந்து வந்த, வேகமா வளர்ற மரங்கள் நிறைய விழுந்ததைப் பார்த்தோம். ஆனா மரத்தோட ஜாதி மட்டும் காரணமில்ல. வேர் ஆழமா நேரா கீழ போகும்னு நினைக்கிறோம். உண்மையில பெரும்பாலான வேர் மேல் ரெண்டு மூணு அடி மண்ணுக்குள்ளதான், பக்கவாட்டுல கிளையோட நிழலைத் தாண்டி ஓடும். அடிமரம் வரைக்கும் சிமெண்ட் போட்டு, ஒரு பக்கம் வடிகாலுக்கு, இன்னொரு பக்கம் கேபிளுக்குத் தோண்டினா, ரெண்டு கால் வெட்டின நாற்காலி மாதிரி நிக்கும்.

பிரிட்டன்ல கட்டுமான வேலைக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்க: நெஞ்சு உயரத்துல அடிமரத்தோட விட்டம் எவ்வளவோ, அது மாதிரி 12 மடங்கு ஆரத்துக்குள்ள தோண்டாதே. அரை மீட்டர் மரத்துக்கு 6 மீட்டர். நம்ம தெருவுல அது நடக்காத காரியம்னு தெரியும். அட்லீஸ்ட் அடிமரத்தைச் சுத்தி மூணு நாலு அடியாவது மண்ணா விடலாம்.

ஆள் கூப்பிடும்போது

முதல்ல மரம் யாரோடதுன்னு பாருங்க. தெருவுல இருந்தா உங்க வீட்டு வாசல்ல நின்னாலும் உங்களுது இல்ல. பொது இடத்து மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையில இருக்கிற மாவட்டப் பசுமைக் குழு வழியா அனுமதி வேணும். சென்னையில மாநகராட்சியோட 1913க்குப் போன் பண்ணி ஆரம்பிக்கலாம்.

அப்புறம், வர்ற அண்ணன்கிட்ட இதைக் கேளுங்க:

1. எந்தக் கிளையை, எதுக்காக எடுக்கப் போறீங்க? 'மேல எல்லாம்'னு பதில் வந்தா நிறுத்திக் கேளுங்க.
2. எத்தனை பேர் வர்றீங்க? கீழ கயிறுக்குன்னு தனியா ஆள் இருக்காரா?
3. பெல்ட், ஹெல்மெட் இருக்கா? இல்லன்னா நாங்க ஏற்பாடு பண்ணட்டுமா?
4. பக்கத்துல லைன் இருக்கு, மின்வாரியத்துல சொல்லி ஆஃப் பண்ணினதுக்கு அப்புறம் ஆரம்பிக்கலாமா?
5. கழிவை யார் எடுக்கறது? ரேட்ல பாதி இதுலதான் இருக்கும். விறகை அவங்களே எடுத்துக்கிட்டா கொஞ்சம் குறையும்.
6. கூடு இருக்கான்னு பார்த்தீங்களா? முட்டை, குஞ்சு இருந்தா ஒரு மாசம் தள்ளிப் போட முடியுமா?

உங்க பக்கம் பண்ண வேண்டியது: அன்னைக்கு வண்டிகளை எடுத்துடுங்க, பசங்களை உள்ள வைங்க, கிளை விழற தூரத்துல நின்னு வீடியோ எடுக்காதீங்க. மழை, காத்து இருந்தா 'இன்னைக்கே முடிச்சுடுங்க'ன்னு அவசரப்படுத்தாதீங்க. ஈரப் பட்டை வழுக்கும்.

ஆள் கூப்பிடணுமா வேணாமான்னே தெரியலையா? இந்த வாரம் மரத்தை ஒரு சுத்து சுத்துங்க. அடியில தட்டு மாதிரி காளான் இருக்கா? சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடிச்சுத் தூக்கியிருக்கா? முன்னாடி நேரா இருந்தது இப்போ சாஞ்சிருக்கா? பெரிய கவட்டையில நெடுக்க வெடிப்பு இருக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க. ரொம்ப காலமா சாஞ்சு, நுனி மட்டும் மேல நோக்கித் திரும்பி வளர்ந்திருந்தா பெரும்பாலும் பயமில்ல, மரம் தானா சமாளிச்சுக்கிட்டது.

காளான், வெடிப்பு போட்டோ இருந்தா நம்ம குரூப்ல போடுங்க, அதை வச்சே ஒரு கேள்வி-பதில் எபிசோட் பண்ணலாம். உங்க தெருவுல இந்த வேலை பண்ற அண்ணன் யாராவது மைக் முன்னாடி பேச ரெடின்னா, எனக்குச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.